அம்மாவின் நோய் எனக்கும் வருமா? ஆட்டோ இம்யூன் நோய் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு லூபஸ் என்றோ முடக்குவாதம் என்றோ டாக்டர் சொல்லிவிட்டால், மருந்து, செலவு என்ற பேச்செல்லாம் கொஞ்சம் அடங்கியதும் எழும் கேள்வி இது: "அப்போ எனக்கும் வருமா? என் பிள்ளைக்கு வருமா?" இதை டாக்டரிடம் நேராகக் கேட்பவர்கள் குறைவு. ராத்திரியில் தனியாகச் செல்போனில் தேடிப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோரிடமிருந்து வருவது நோய்க்கு இடம்கொடுக்கும் உடல்வாகு மட்டுமே. அந்த உடல்வாகு உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குக் கடைசிவரை நோய் வருவதில்லை. வருகிற சிலருக்கோ, அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பிற்பாடு மூட்டும் சிறுநீரகமும் பார்வையும் தப்புகின்றன. சீக்கிரம் கண்டுபிடிக்க நம் கையில் இருக்கும் மலிவான கருவி, ஒரு தாளில் ஒழுங்காக எழுதி வைத்த குடும்ப நோய் வரலாறு. அதைத் தயாரிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எவ்வளவு பயப்பட வேண்டும்?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்தத் திசுவையே தாக்குவதுதான் தன்னுடல் தாக்குநோய், அதாவது ஆட்டோ இம்யூன் நோய். தைராய்டைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ அல்லது கிரேவ்ஸ். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் டைப் 1 சர்க்கரை. மூட்டின் உள்ளுறையைத் தாக்கினால் முடக்குவாதம், தோலின் நிறமிச் செல்களைத் தாக்கினால் வெண்புள்ளி. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளையும் தாக்கினால் லூபஸ். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் மரபணுக்களில் பல பொதுவானவை. அதனால்தான் ஒரே குடும்பத்தில் அம்மாவுக்குத் தைராய்டு, மகளுக்கு முடக்குவாதம், பேரனுக்கு டைப் 1 என்று வெவ்வேறு பெயர்களில் வருகிறது. ஆளுக்கொரு ஸ்பெஷலிஸ்டிடம் போவதால் இவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி எண்கள். இவை பெரும்பாலும் மேலை நாட்டு ஆய்வுகளில் கிடைத்தவை என்றாலும் அளவை உணர்த்தப் போதும். முடக்குவாதம் பொதுமக்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கோ அதற்குக் குறைவாகவோ வருகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இருந்தால் அது சுமார் 3 மடங்காகிறது. மூன்று மடங்கு என்று கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஆனால் 100ல் 97 பேருக்கு வராது என்பதும் அதே கணக்குதான். டைப் 1 சர்க்கரையில் ஒரு விசித்திரம் உண்டு. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 17ல் ஒன்று. அம்மாவுக்கு இருந்து 25 வயதுக்கு மேல் பிரசவித்தால் 100ல் ஒன்றுதான். அம்மாவிடமிருந்துதான் எல்லாம் வருகிறது என்று மருமகள்களைக் குறைசொல்லும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரபணு மட்டுமே காரணமாக இருந்தால், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். லூபஸில் 4ல் ஒரு ஜோடியில்தான் அப்படி நடக்கிறது. முடக்குவாதத்தில் அதைவிடவும் குறைவு, 100க்கு 15 அளவில்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்படும் ஆட்டோ இம்யூன் நோய் சீலியாக். 2016ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், அதற்கு இடம்கொடுக்கும் எச்எல்ஏ (நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த மரபணுத் தொகுதி) மரபணு வகை வடக்கே 38 சதவீதம் பேரிடமும் தெற்கே 36 சதவீதம் பேரிடமும் இருந்தது. கிட்டத்தட்ட சமம். ஆனால் நோய் வடக்கேதான், தெற்கே மிக மிக அரிது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். மரபணு ஒன்றாகவே இருந்தும், சாப்பாடு வேறானதும் நோயின் அளவே மாறிவிட்டது. (இட்லியிலிருந்து தினசரி சப்பாத்திக்கு மாறிய குடும்பங்கள் பயப்பட வேண்டியதில்லை. தொடர் வயிற்றுப்போக்கும் தீராத ரத்தசோகையும் சேர்ந்து இருந்தால் மட்டும் டாக்டரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.)

படி 1: யார் யாரைச் சேர்ப்பது

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள். இவர்கள் முதல் வட்டம். அவர்களோடு நமக்குப் பாதி மரபணு பொது. தாத்தா, பாட்டி, பெரியம்மா, சித்தி, தாய்மாமா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகியோர் இரண்டாம் வட்டம், கால் பங்கு. அவர்களுடைய பிள்ளைகள் மூன்றாம் வட்டம். முதல் இரண்டு வட்டமும் முழுதாக இருந்தால் போதும், மூன்றாவது கிடைத்தவரை. திருமணத்தால் மட்டும் உறவானவர்களை உங்கள் தாளில் சேர்க்காதீர்கள். அவர்கள் உங்கள் பிள்ளைகளின் தாளில்தான் வருவார்கள்.

சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பங்களில் இந்த வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அம்மா தன் தாய்மாமாவையே மணந்திருந்தால், உங்கள் அம்மா வழிப் பாட்டிதான் உங்கள் அப்பாவின் அக்கா. ஒரே ஆளின் பெயர் இரண்டு பக்கத்திலும் வரும். அதை மறைக்காமல், இரண்டு கோடு போட்டுக் காட்டுங்கள். முடக்குவாதம், தைராய்டு போன்றவை பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்குபவை. ஆனால் ஒரே மரபணுப் பிழையால் வரும் அரிய வகைகளும் உண்டு. சி1க்யூ என்ற புரதக் குறைபாட்டால் சிறு வயதிலேயே வரும் லூபஸ் அப்படிப்பட்டது. பெற்றோர் இருவரும் அந்தப் பிழையைச் சுமந்தால்தான் இது பிள்ளைக்கு வரும் என்பதால் நெருங்கிய உறவுத் திருமணத்தில் வாய்ப்பு கூடுகிறது. ஐந்து வயதுக்குள் லூபஸ் வந்த குழந்தை இருந்தாலோ, உடன்பிறந்த இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நோய் இருந்தாலோ மரபணு மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

படி 2: கேட்பது. பெயரைக் கேட்காதீர்கள், மாத்திரையைக் கேளுங்கள்

வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

"உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் மூன்றுதான்: சர்க்கரை, மூட்டுவலி, தைராய்டு. மூன்றுமே போதாது. சர்க்கரையில் டைப் 2 என்றால் அது ஆட்டோ இம்யூன் கணக்கில் வராது. மூட்டுவலி என்பது தேய்மானமா, யூரிக் அமிலமா, முடக்குவாதமா என்பதைப் பொறுத்து உங்கள் தாளில் அதன் மதிப்பு மாறும். கழுத்து வீங்கிய பாட்டிக்கு அந்தக் காலத்து அயோடின் குறைபாடாகவும் இருந்திருக்கலாம்.

நோயின் பெயர் மறந்துபோன வீட்டிலும் மாத்திரை போட்ட விதம் மறப்பதில்லை. அதனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"பெரியம்மா, அந்த மூட்டு மாத்திரையைத் தினமும் போடுவீங்களா, இல்ல வாரத்துல ஒரு நாளா?"

"செவ்வாய்க்கிழமை மட்டும்தான்டி. மறுநாள் ஒரு மஞ்ச மாத்திரை."

வாரம் ஒரு முறை மாத்திரையும் கூடவே ஃபோலிக் ஆசிடும் என்றால் அது பெரும்பாலும் மெதோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ கொடுப்பது. தேய்மானத்துக்கு இதைக் கொடுப்பதில்லை. மூட்டுக்கு மருந்து எழுதிய டாக்டர் வருஷா வருஷம் கண் பரிசோதனைக்கும் அனுப்பினார் என்றால் அது ஹைட்ராக்சி குளோரோகுயினாக இருக்கலாம், லூபஸ் அல்லது முடக்குவாதம். விடிந்ததும் வெறும் வயிற்றில் குட்டி மாத்திரை, பாட்டிலில் 100 என்றால் தைராக்சின், தைராய்டு குறைவாகச் சுரப்பதற்குக் கொடுப்பது. கார்பிமசோல் என்றால் தைராய்டு கூடுதலாகச் சுரந்த கதை, கிரேவ்ஸ் நோயை யோசிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி, மாத்திரையே கிடையாது என்றால் டைப் 1. மருந்து எடுத்தபின் முகம் உப்பிப்போனது என்றால் ஸ்டீராய்டு. எதற்காகக் கொடுத்தார்கள் என்று விடாமல் விசாரியுங்கள். பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், எக்ஸ்ரே எல்லாம் பீரோ மேல் ஒரு மஞ்சப்பையில் இருக்கும். அதை இறக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து சொல்வதைவிட அந்தச் சீட்டில் இருப்பதை நம்பலாம்.

அடுத்து, வயது. எத்தனை வயதில் தொடங்கியது என்று தெரியாவிட்டால் "முதல் பிரசவத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் முடக்குவாதமும் தைராய்டு கோளாறும் தலைகாட்டுவது உண்டு என்பதால் இந்தக் கேள்விக்கு இரட்டைப் பயன். மூட்டுவலிக்காரர்களிடம் "சிக்குன்குனியா வந்த பிறகா?" என்றும் கேளுங்கள். 2006ல் தமிழ்நாட்டில் அந்தக் காய்ச்சல் பரவியபோது மாதக்கணக்கில் கைகால் மடக்க முடியாமல் கிடந்தவர்கள் நிறையப் பேர். அது வேறு கணக்கு.

பிறகு, எந்த மூட்டு, எந்த நேரம். 60 வயதில் முழங்கால் வலி, நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும் என்றால் தேய்மானம். 35 வயதில் இரண்டு கை விரல்களும் வீங்கி, காலையில் எழுந்து ஒரு மணி நேரம் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றால் முடக்குவாதத்தின் பக்கம். பழைய கல்யாண ஆல்பத்தையும் பாருங்கள். சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோன விரல்கள், வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை, எல்லாப் படத்திலும் ஒரே பக்கம் திரும்பி நிற்கும் அத்தை. இவை எதையும் நிரூபிக்காது. ஆனால் அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்று காட்டும்.

இறந்தவர்களைப் பற்றிக் கேட்கும்போது நிதானம் வேண்டும். "கிட்னி போயி 26 வயசுல செத்துட்டா" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், லூபஸ் சிறுநீரகத்தைப் பாதித்திருக்குமோ என்று குறித்துக்கொள்ளலாம். மூன்று நான்கு முறை கரு கலைந்தது, தோஷம் என்றார்கள் என்றால், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் அதன் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு உடம்பு இளைத்து இறந்த குழந்தை, டைப் 1 ஆக இருந்திருக்கலாம். அந்தப் பெண்களும் தாய்மார்களும் ஆயுள் முழுக்கப் பழியைச் சுமந்தவர்கள். அவர்களுடைய தங்கைகள் இன்னும் உயிரோடு இருப்பார்கள். குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள்.

வரன் பார்க்கும் பெண் இருக்கும் வீட்டில் நோய் பற்றிய பேச்சே எடுக்கமாட்டார்கள். வெண்புள்ளி இருந்தால் சொல்லவே வேண்டாம். அது தொற்றாது. தமிழ்நாடு அரசே பழைய இழிபெயரை விலக்கி வெண்புள்ளி என்று அழைக்கச் சொல்லியும், மறைப்பது இன்னும் நின்றபாடில்லை. இப்படிப்பட்ட வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. அமெரிக்காவில் 2004லிருந்து நன்றி நவிலும் நாளையே குடும்ப நலவரலாற்று நாளாக வைத்து, கூடியிருக்கும் உறவுகளிடம் கேளுங்கள் என்கிறார்கள். நமக்குப் பொங்கலும் குலதெய்வக் கோயில் கிடாவெட்டும் இருக்கின்றன, ஆனால் பந்தியில் வைத்துக் கேட்கிற விஷயம் இல்லை இது. சாப்பாடு முடிந்து பெண்கள் திண்ணையில் சாயும் நேரம்தான் சரி. "எனக்கு டாக்டர் கேட்டிருக்காரு சித்தி" என்று நம் தேவையை முன்வைத்துத் தொடங்குங்கள்.

படி 3: எழுதுவது

பெரிய மரம் வரைய வேண்டாம். டாக்டருக்கு உங்களுக்காக ஒதுக்க ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. ஒரு பக்கத்துக்குள், ஆளுக்கு ஒரு வரி:

பெரியம்மா (அம்மாவின் அக்கா), வயது 64. 38ல் இரண்டு கை விரல்களிலும் வீக்கம். வாரம் ஒரு மெதோட்ரெக்சேட். சீட்டு பார்த்தேன். முடக்குவாதம், உறுதி.

தாத்தா (அப்பாவின் அப்பா), 71ல் இறப்பு. 50க்கு மேல் சர்க்கரை, மாத்திரை மட்டும். டைப் 2 ஆக இருக்கலாம்.

அத்தை (அப்பாவின் தங்கை), 26ல் இறப்பு. முகமும் காலும் வீக்கம், சிறுநீரகம் என்றார்கள். காரணம் தெரியவில்லை.

'உறுதி', 'இருக்கலாம்', 'தெரியவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் அது தலைமுறைக்கும் தவறான பயமாகவே இருந்துவிடும். நோயில்லாமல் 80 வயது வாழ்ந்தவர்களையும் எழுதுங்கள். நோயாளிகள் மட்டுமே உள்ள தாள், இருப்பதைவிட மோசமான படத்தைக் காட்டும்.

படி 4: டாக்டரும் பரிசோதனையும்

மூட்டு என்றதும் எலும்பு டாக்டரிடம் ஓடுவதுதான் நம் வழக்கம். முடக்குவாதம், லூபஸ் வகையறாக்களுக்கு ருமட்டாலஜிஸ்டைப் பார்க்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே உண்டு. தைராய்டுக்கும் டைப் 1க்கும் என்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர். அறிகுறியே இல்லாதபோது குடும்ப டாக்டரிடம் தாளைக் காட்டி உங்கள் கோப்பில் சேர்க்கச் சொன்னால் போதும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று ஏஎன்ஏ பரிசோதனை (சொந்தச் செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, ரத்தத்தில் தேடுவது) எடுக்காதீர்கள், தயவுசெய்து. ரத்தத்தை 40 மடங்கு நீர்த்து, 1:40 என்ற அளவில் பார்த்தால் எந்த நோயும் இல்லாதவர்களிலேயே 100க்கு 25, 30 பேருக்கு அது பாசிட்டிவ். 1:160 அளவிலும் 5 பேர் இருப்பார்கள். அறிகுறி இல்லாத பெண்ணுக்கு இந்தத் தாள் கையில் வந்துவிட்டால் வருடக்கணக்கில் தூக்கம் போய்விடும். எச்எல்ஏ பி27ம் இப்படித்தான். முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1973லேயே தெரிந்தது. ஆனாலும் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோர் நோயில்லாமலே இருக்கிறார்கள். முதுகுவலி இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். எச்சிலை அனுப்பினால் எல்லா நோயும் சொல்வோம் என்னும் விளம்பரங்களுக்கும் இதுவே என் பதில்.

அறிகுறி இல்லாமலும் கேட்கத் தகுந்தவை சில உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்குச் சீலியாக் உறுதியாகியிருந்தால் மற்றவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, முடிவு தப்பாகிவிடும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு இருக்கும் பெண், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வது நல்லது. டைப் 1 உள்ளவரின் பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ரத்தத்தில் அந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள்களைப் பார்க்க முடியும். இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், சர்க்கரை இன்னும் ஏறாவிட்டாலும் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் நோய் முழுதாக வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போட்ட டெப்லிசுமாப் என்ற மருந்தை அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதித்தது. அதன் முக்கிய ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நோயாளிகளின் உறவினர்கள்தான்.

படி 5: எதைக் கண்டால் தாமதிக்கக் கூடாது

தாளில் டைப் 1 இருந்தால்: பிள்ளை திடீரென்று அடிக்கடி சிறுநீர் போனால், படுக்கையை நனைக்காதது மறுபடி நனைத்தால், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால், இளைத்தால், அன்றைக்கே விரல் குத்திச் சர்க்கரை பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இங்கே கிடையாது. வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சு இரைப்பும் சேர்ந்தால் அவசரப் பிரிவு.

முடக்குவாதம் இருந்தால்: விரல் முட்டிகளில் வீக்கம், காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம். ஆறு வாரத்துக்குள் ருமட்டாலஜிஸ்டைப் பார்த்துவிடுங்கள். தொடங்கிய மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து ஆரம்பித்தால் மூட்டு சிதையாமல் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. எண்ணெய் தேய்த்தே ஓராண்டைக் கடத்தியவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

லூபஸ் இருந்தால்: வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், மூட்டுவலி, கொத்தாக முடி உதிர்வு. சிறுநீர் நுரைத்தாலோ கண் இமை வீங்கினாலோ ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை பல விஷயங்களைச் சொல்லிவிடும். பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்றாலும், அண்ணன் தம்பிகளுக்கு வந்தால் சந்தேகிக்க ஆளே இல்லாமல் போவதால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

முதுகெலும்பு நோய் இருந்தால்: 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலி. படுத்தால் கூடும், நடந்தால் குறையும், விடியற்காலையில் எழுப்பிவிடும். கண் சிவந்து வலித்தால் 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் கண் டாக்டரிடம் போங்கள்.

கையில் இருப்பவை

நிச்சயமாகச் சொல்லக்கூடியது புகை. முடக்குவாதத்துக்குரிய மரபணு உள்ளவர் புகைபிடித்தால் இரண்டும் சேர்ந்து ஆபத்தைப் பெருக்குகின்றன. குடும்பத்தில் முடக்குவாதம் இருந்தால் பீடி, சிகரெட்டை நிறுத்த இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஈறு நோயை வைத்தியம் பார்த்துக்கொள்வதும் நல்லது. வைட்டமின் டி பற்றி 2022ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், தினம் 2000 யூனிட் என்று ஐந்தாண்டு எடுத்த 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆட்டோ இம்யூன் நோய்கள் 22 சதவீதம் குறைவாக வந்தன. இளையவர்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. டாக்டரைக் கேட்டு எடுங்கள்.

கல்யாணம், கர்ப்பம்

குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறது என்பதற்காகத் திருமணத்தையோ குழந்தையையோ வேண்டாம் என்பதற்கு மருத்துவக் காரணம் பெரும்பாலும் இல்லை. நோய் உள்ள பெண்ணுக்கு நேரம்தான் முக்கியம். லூபஸ் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பது பாதுகாப்பு. மெதோட்ரெக்சேட் போன்றவற்றை டாக்டர் சொல்படி முன்பே நிறுத்த வேண்டும். ஹைட்ராக்சி குளோரோகுயினைப் பயந்துகொண்டு நிறுத்தக் கூடாது. அம்மாவின் ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருந்தால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்த குழந்தைக்கு வரும் தடிப்பு சில மாதங்களில் தானே மறையும். 100ல் 2 குழந்தைகளுக்கு மட்டும் இதயத் துடிப்பின் பாதை அடைபடலாம். ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு அப்படி ஆகியிருந்தால் அடுத்த முறை வாய்ப்பு 16 முதல் 18 சதவீதம். அதனால்தான் 16வது வாரத்திலிருந்து கருவின் இதயத்தை ஸ்கேனில் கவனிக்கிறார்கள். உறவில் யாருக்காவது குழந்தை பிறக்கும்போதே இதயத்துடிப்பு குறைவாக இருந்து பேஸ்மேக்கர் வைத்தார்கள் என்றால், அதையும் அந்தத் தாயின் பெயருக்கு நேரே எழுதுங்கள்.

தாளைப் பத்திரப்படுத்துவது

மேலே தேதி போடுங்கள். யாருக்காவது புதிதாக நோய் உறுதியானாலோ யாராவது கர்ப்பமானாலோ எடுத்துத் திருத்துங்கள். உடன்பிறந்தவர்களுக்கு ஒரு பிரதி, பிள்ளைகளுக்கு 18 வயதானதும் ஒரு பிரதி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அதில் மற்றவர்களின் உடல்நிலையும் இருக்கிறது. பெரியம்மா உங்களை நம்பிச் சொன்னதைச் சம்பந்தி வீடு படிக்கக் கூடாது. யாருடைய தகவலை யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டு, அந்த வரியின் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.